அறுநூறு ரூபாய் நியாயம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சண்டையில் ஜெயித்தேன். அதைச் சொல்லாமல் இந்த வாரம் வேறு எதையும் எழுத ஓடவில்லை.

என்னிடம் ஒரு சின்ன ஃபைபர் படகு இருப்பது உங்களுக்குத் தெரியும். அரியாங்குப்பம் ஆற்றில், ஒரு தனியார் படகுத்துறையில் கட்டி வைத்திருக்கிறேன். மாத வாடகை தவறியதில்லை. பதிலுக்கு என்ன கிடைக்கிறது? குழாயில் தண்ணீர் வராது. விளக்கு எரியாது. கம்ப்ளைன்ட் நோட்டில் நான் எழுதித் தள்ளிய பக்கங்களை யாராவது படித்தார்களா என்பதும் சந்தேகம்தான்.

அந்தப் படகில் ஞாயிறுதோறும் என்னோடு மீன் பிடிக்க வந்தவன் சேகர். முத்தியால்பேட்டையில் எனக்கு அடுத்த தெரு. போன மாதம் மாரடைப்பில் போய்விட்டான். முகத்துவாரம் தாண்டி, நாங்கள் தூண்டில் போடுகிற இடத்தில்தான் தன் அஸ்தியைக் கரைக்க வேண்டும் என்று மனைவி வசந்தாவிடம் சொல்லி வைத்திருந்தானாம்.

ஞாயிறு காலை வசந்தாவும், மகன் அருணும், சேகரின் தம்பியும் வந்தார்கள். அருணுக்கு அன்று இரவே பாரிஸ் விமானம். கலசம் ஒரு துணிப்பையில், வசந்தாவின் கையில் இருந்தது.

கேட்டில் மேனேஜர் மறித்தார்.

“சார், புது ரூல். கெஸ்ட் ஒருத்தருக்கு எரநூறு. மூணு பேருக்கு அறுநூறு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குழாய், விளக்கு, கம்ப்ளைன்ட் நோட்டு — அத்தனையையும் கொட்டினேன். எந்த போர்டில் ரூல் ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன். முதலாளிக்கு போன் போடச் சொன்னேன்.

படகில் கயிற்றைப் பிடித்து நின்ற என் படகோட்டி முருகையன் இரண்டு தடவை குரல் கொடுத்தார். “சார், தண்ணி வத்துது. இப்ப கெளம்புனாதான் மொகத்துவாரம் தாண்டலாம்.”

வசந்தா பர்ஸைத் திறந்தார். நான் விடவில்லை.

“நீங்க சும்மா இருங்கம்மா. இது காசுக்காக இல்ல, நியாயத்துக்காக.”

அரை மணி நேரம். கடைசியில் மேனேஜர், “சரி, போங்க சார்” என்று கேட்டைத் திறந்துவிட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகில் ஏறினேன்.

முகத்துவாரத்தில் மணல்திட்டு தட்டியது. முருகையன் இறங்கித் தள்ளினார், அருணும் பேன்ட்டோடு இறங்கினான். படகு பின்னால்தான் வந்தது, முன்னே நகரவில்லை. மறுபடி தண்ணீர் ஏற மாலையாகிவிடும். அருண் மதியமே சென்னைக்குக் கிளம்ப வேண்டும். கண்ணெதிரே கடல்... போக வழியில்லை.

“பரவால்லண்ணே, இங்கயே கரைச்சிடலாம்” என்றார் வசந்தா. “அவுரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.”

ஆற்றிலேயே கரைத்தோம். என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது மேனேஜர் கேட்டருகிலேயே நின்றிருந்தார். வசந்தாவின் கையில் காலிக் கலசத்தைப் பார்த்தார். அவர்கள் காரில் ஏறும்வரை காத்திருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்தார்.

“அஸ்தின்னு சொல்லியிருக்கலாமே சார்? சாவு காரியத்துக்கு இந்தத் தொறையில யாரும் காசு வாங்க மாட்டோம்.”

அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். சேகர் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.