பொன்னாடையோடு போன கோரிக்கை

நான் விருப்ப ஓய்வு வாங்கியபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு தேர்வுப் பிரிவு வேலை உடம்புக்கு ஒத்துவரவில்லை. வீட்டில் உட்கார்ந்த சில நாட்களிலேயே பல்கலைக்கழக ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர் தேடி வந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர், நிர்வாகப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமுங்க, கையெழுத்தும் சுத்தம். நாங்கெல்லாம் கண்ணு மங்குன ஆளுங்க. இணைச் செயலாளரா இருங்க" என்றார். காபி குடித்து முடிப்பதற்குள் நான் இணைச் செயலாளர் ஆகிவிட்டேன்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பல்கலைக்கழகம் விட்டுக்கொடுத்த ஓர் அறைதான் சங்கம். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. கடைசியாக வகித்த பதவிதான் பெயர். தலைவர் விலங்கியல் துறைத் தலைவராக இருந்தவர், அதனால் இன்றும் ஹெச்.ஓ.டி. ஐயா. முன்வரிசையில் பேராசிரியர்கள், அடுத்து அலுவலகத்தார், கடைசியில் ஓட்டுநர்கள், காவலர்கள், தோட்ட வேலை பார்த்தவர்கள். இப்படி உட்காரும்படி யாரும் சொன்னதில்லை. யாரும் மாறி உட்கார்ந்ததும் இல்லை.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வூதியர்கள் உயிரோடிருப்பதைக் கருவூலத்தில் காட்ட வேண்டிய மாதங்களில் தலைவரும் செயலாளரும் காலையிலேயே அங்கே போய்விடுவார்கள். விரல் ரேகை விழாத கிழவிகளுக்காக மன்றாடுவார்கள். சாவு வீடு எங்கே இருந்தாலும், இரண்டு பஸ் மாறியாவது, மாலையோடு போய் நிற்பார்கள். இதற்கெல்லாம் அவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. அதனால்தான் அவர்கள் மேல் எனக்கு மரியாதை இருந்தது. அதனால்தான் பிறகு நடந்தது இவ்வளவு கசக்கிறது.

கடைசி வரிசையில், கதவை ஒட்டி, பல்கலைக்கழகப் பேருந்தின் பழைய ஓட்டுநர் உட்காருவார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு, சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வளாகத்திலுள்ள சுகாதார மையத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். நல்ல பொறுமைசாலி. அவரிடம் மாதக்கணக்காகப் போய்வந்து, ஓட்டுநரின் கை மார்பு உயரம் வரை எழும்பத் தொடங்கியிருந்தது.

"இன்னும் ஒரு சாண் ஏறோணுமுங்க சார்" என்று என்னிடம் காட்டுவார். "சோத்த எங்கையால அள்ளித் திங்கோணும். அவ ஊட்டி உட்டுத் திங்கறது புள்ளைக மின்னாடி நாணமா இருக்குது."

அப்படியிருக்கும்போது சுகாதார மையத்தின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இனிப் பணியில் இருப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் மட்டும். மாதக் கூட்டத்தில் ஓட்டுநர் கைத்தடியை ஊன்றி எழுந்து அதைச் சொன்னார். நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, பாதி வார்த்தை குழறியது. தலைவர் கையமர்த்தினார்.

"நீ உட்காருப்பா. வி.சி. யாரு? என் ஸ்டூடண்ட். என் லேப்ல தவளைய அறுக்கப் பயந்துகிட்டு நின்ன பையன். நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அறை முழுக்கச் சிரித்தது. ஓட்டுநரும் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

மனுவை எழுதும் வேலை எனக்கு வந்தது. நான்கே வாக்கியம் எழுதினேன்: இன்ன அறிவிப்பு, இன்னாருக்கு இன்ன பாதிப்பு, ஓய்வு பெற்றோரையும் முன்போல் அனுமதிக்கக் கோருகிறோம், நன்றி. செயற்குழுவில் செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஏனுங்க, 'கோருகிறோம்'னு போட்டா சண்டைக்கு வந்தாப்புல இருக்குமுங்க. 'பணிந்து வேண்டுகிறோம்'னு மாத்துங்க. மொதல்ல வி.சி. புதுசாப் பொறுப்பேத்ததுக்கு வாழ்த்துச் சொல்லோணும். வளாகம் பசுமையா இருக்குதுன்னு ரெண்டு வரி."

மாற்றினேன். கோரிக்கை இரண்டாம் பக்கத்துக்குப் போனது. மனுவைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்து, பொன்னாடையைப் பற்றிய பேச்சு தொடங்கியது. என்ன நிறம், கடைவீதியில் வாங்குவதா அம்மாபேட்டையில் தெரிந்த இடத்தில் வாங்குவதா, யார் போர்த்துவது, போர்த்தும்போது யார் எந்தப் பக்கம் நிற்பது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அது தீரவில்லை. கைநடுக்கம் உள்ளவர் போர்த்தினால் படம் கலங்கும் என்று ஒருவர் சொல்ல, நடுக்கமுள்ள இன்னொருவர் கோபித்துக்கொண்டு வெளியே போனார். ஓட்டுநரைப் பற்றிய பேச்சு ஒருமுறைகூட எழவில்லை.

துணைவேந்தரைச் சந்திக்கும் நாளன்று நாங்கள் ஐந்து பேர் போனோம். ஓட்டுநரும் வரட்டும் என்றேன். "அங்க சோபாதானுங்க இருக்குது, அவுருக்குத் தோதுப்படாது" என்றார் செயலாளர்.

கதவு திறந்ததும், நான் எதிர்பாராதது நடந்தது. துணைவேந்தர் நாற்காலியை விட்டு எழுந்து, "சார், வாங்க சார், உட்காருங்க" என்று தலைவரை நோக்கி வந்தார். அந்த முகத்தில் இருந்தது ஒரு மாணவனின் மரியாதைதான். அந்த நேரத்தில் தலைவர் வெறுமனே உட்கார்ந்திருந்தால் போதும், மீதி தானாக நடந்திருக்கும்.

தலைவர் பதறிவிட்டார். "ஐயோ, நீங்க எந்திரிக்கக் கூடாதுங்க ஐயா. நீங்க உட்காருங்க. நாங்க நின்னுக்கறோம்."

துணைவேந்தர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அந்த மாணவனைக் காணவில்லை. பொன்னாடைக்காக மறுபடி எழுந்தார், படமெடுத்தார்கள், இன்னும் ஒன்று என்று மறுபடி எடுத்தார்கள். மனு மேசையின் ஓரத்தில் ஒரு பூங்கொத்துக்கு அடியில் கிடந்தது.

"வேற ஏதாவது உண்டுங்களா?" என்று கேட்டார் துணைவேந்தர்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா. உங்க அன்பு ஒண்ணு போதும்" என்றார் தலைவர்.

நான் பேசினேன். பின்னாலிருந்து, நின்றபடி, ஓட்டுநரைப் பற்றி, அவருடைய கையைப் பற்றி, வாசலில் ஒட்டிய அறிவிப்பைப் பற்றிச் சொன்னேன். செயலாளர் என் சட்டையைப் பின்புறம் பிடித்து இழுத்தார். துணைவேந்தர் பேனாவை எடுத்தார்.

அதற்குள் தலைவர் முந்திக்கொண்டார். "இவர் புதுசுங்க ஐயா. இடையில வேலைய விட்டு வந்தவர், நடைமுறை தெரியாது. அதெல்லாம் மனுவுல இருக்குது, உங்களுக்கு நேரம் கிடைக்கறப்ப பார்த்தாப் போதும். அவசரம் ஒண்ணுமில்லை."

பேனா மூடிக்கொண்டது. "பார்க்கிறேன் சார்" என்றார் துணைவேந்தர்.

வெளியே வராந்தாவில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நல்லா வந்த சந்திப்பக் கெடுத்துட்டீங்களே" என்றார் தலைவர். அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் பயமில்லாமல் பேசியவர். ஒரு கதவு, ஒரு மேசை, ஒரு பச்சை மை. அவற்றின் முன்னால் அவருக்கு வேறு பேச்சு வரவில்லை. இதைப் புரிந்துகொள்ள என்னால் முடிகிறது. மன்னிக்க முடியவில்லை.

அன்று மாலையே படம் வாட்ஸப் குழுவில் வந்தது. 'கோரிக்கைகள் குறித்து இனிய சந்திப்பு' என்று கீழே எழுதியிருந்தது. வரிசையாகக் கும்பிடும் கைகள். கொஞ்ச நேரத்தில் ஓட்டுநர் கூப்பிட்டார்.

"போட்டோ பாத்தனுங்க சார். வி.சி. நல்லாச் சிரிச்ச மொகமா இருக்கறாரு. அப்ப ஆயிருச்சுங்களா? நாளைக்குப் போலாமுங்களா?"

ஆகவில்லை என்று சொன்னேன். போக வேண்டாம் என்றும் சொன்னேன். படத்தை நம்பினாரே தவிர என்னை நம்பவில்லை. மறுநாள் டவுன் பஸ் ஏறிப் போயிருக்கிறார். சுகாதார மையத்தின் வாசலில், அவர் ஓட்டிய பேருந்தில் வந்துபோன காவலாளியே அவரைத் திருப்பி அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்பு வரை வந்த கை, இப்போது தொடையை விட்டு எழவில்லை. என்னை உட்காரச் சொன்னார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஹெச்.ஓ.டி. ஐயா போன் பண்ணியிருந்தாருங்க. எல்லாம் கூடி வந்த நேரத்துல நீங்க குறுக்க பேசிப்போட்டீங்களாமா. அதுல பெரியவரு மனசு மாறிட்டாராமா."

நான் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையை ஆட்டித் தடுத்தார்.

"உங்க மனசு எனக்குத் தெரியுமுங்க. கோவமில்லீங்க. அடுத்த தடவ மட்டும் நீங்க கூடப் போவாதீங்க சாமி. ஐயா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கறாரு."

அடுத்த தடவை என்று ஒன்றைப் பற்றிச் செயற்குழுவில் யாரும் பேசவில்லை. அது எனக்குத் தெரியும். போகமாட்டேன் என்று அவருக்குச் சொன்னேன். அவருடைய மனைவி தட்டில் சோறு பிசைந்துகொண்டு உள்ளேயிருந்து வந்தார். நான் இருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.