பக்தாத்துக்குப் போன மருந்துப் பெட்டிகள்

கனடாவில், ஸ்காபரோவில் தமிழ்ச் சாமான் கடை ஓடாது என்று எல்லாரும் சொன்ன காலத்தில் கடை திறந்தவன் நான். பிறகு மிசிசாகாவில் இன்னொன்று, மொத்த வியாபாரத்துக்கு ஒரு களஞ்சியம், அஜக்ஸில் சொந்த வீடு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் கட்டியவை இவை. ஆனாலும் நான் செய்ததில் பெரியது எது என்று கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று பேசியதைத்தான் சொல்வேன்.

அதற்குக் காரணம் என் முதல் வீட்டுக்கார அம்மா. ஓய்வுபெற்ற தாதி, வெள்ளைக்காரி. நான் அகதியாக வந்திறங்கியபோது தன் வீட்டு நிலக்கீழ் அறையை, பேஸ்மென்றை, குடியிருக்கத் தந்தவர். அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்களுடைய சபையில் பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை. சுற்றிவர இருந்து மௌனமாக இருப்பார்கள். மனதில் ஏதும் எழுந்தால் எழும்பிச் சொல்வார்கள். ஒருவரை ஒருவர் நண்பர் என்பார்கள்.

தொண்ணூறுகளில் ஈராக்கின்மேல் பொருளாதாரத் தடை. மருந்தில்லாமல் பிள்ளைகள் சாகிறார்கள் என்று அந்த அம்மா கொட்டும் பனியிலும் தெருவில் அட்டை பிடித்து நின்றார். பிறகு, பக்தாத்தில் உள்ள பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு மருந்து அனுப்புவோம், அனுமதி கேட்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம், அரசாங்கத்துக்குச் சொல்லிவிட்டே அனுப்புவோம் என்று சபையில் கேட்டார்.

அங்கே வாக்கெடுப்பு கிடையாது. ஒருவருடைய மனம் ஒப்பாவிட்டாலும் காரியம் நிற்கும். ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் ஒருவர், சட்டத்தை மீறக்கூடாது என்றார். அம்மா சேர்த்து வைத்த மருந்துப் பெட்டிகள் மாதக்கணக்காக என் களஞ்சியத்தில் கிடந்தன. மருந்து பழுதாகிவிடும், கையைத் தூக்கச் சொல்லி முடியுங்கள் என்று அம்மாவோடு சண்டை பிடித்தேன்.

“அவரைத் தள்ளிவிட்டுப் போகமாட்டோம். நீ வந்து அவருக்குச் சொல்லு” என்றார்.

மனைவி சிரித்தாள். “கோயில்ல ஐயர் மந்திரம் சொல்லேக்கையே வாய் மூடமாட்டியள். அங்க போய் என்னெண்டப்பா சும்மா இருக்கப்போறியள்?”

“இருந்து காட்டுறன், பாரும்.”

இருந்தேன். பிறகு எழும்பி, உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் யாழ்ப்பாணத்துக்கும் இலங்கை அரசாங்கம் இப்படித்தான் தடை போட்டது. சவர்க்காரம் போகாது, பற்றரி போகாது. என் தங்கை வீட்டில் சைக்கிளை மிதித்து, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். துவக்குக்காரரின் சண்டை அதனால் ஒரு நாளும் நிற்கவில்லை. காய்ச்சலுக்கு மருந்தில்லாமல் தங்கையின் மகள்தான் போனாள். மூன்று வயது.

பிறகு மனேஜர் எழும்பினார். “எனக்கு இன்னும் பயம்தான். ஆனால் இனிமேல் குறுக்கே நிற்கமாட்டேன்.” அடுத்த நாள் அவரே வந்து என் வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றினார்.

மருந்து போய்ச் சேர்ந்தது. தடையை நாங்கள் நீக்கவில்லை. ஆனால் காய்ச்சலில் கிடந்த சில பிள்ளைகள் எழும்பி நடக்கிறார்கள் என்று அங்கிருந்த டொக்டர் தொலைபேசியில் சொன்னாராம். அதைச் சொல்ல ஓடிவந்த அம்மா, என் கடை வாசலில் நின்று அழுதார்.

அவர் இப்போது இல்லை. அண்மையில் அந்தச் சபையில் பழைய கூட்டக் குறிப்பை வாசித்தார்கள். ‘ஒரு நண்பர் பேசினார், வழி திறந்தது’ என்று இருந்தது. பெருமை ஒருவருக்கும் ஒட்டக்கூடாது என்பதால் பெயர் போடுவதில்லையாம். அவர்களுக்கு அது சரி. நான் குவேக்கர் இல்லை, கடைக்காரன். என் தங்கையின் மகளை வைத்துப் பேசிய பேச்சு அது. அந்த ‘ஒரு நண்பர்’ நான்தான். பெயரைப் போடுங்கள். பிள்ளையின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.