கம்பி இறங்கிய கிட்டார்

தலவாக்கலைக்கு மேலே, மழை ஓயாத ஓர் ஆனி மாதம். அப்போது நான் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், பெட்டி அடிக்கும் தச்சன். எனக்கு அடங்காத மரம் இந்த மலையில் இல்லை என்று நம்பிய வயது. அந்த நம்பிக்கை இன்றும் பெரிதாகக் குறையவில்லை.

மனைவியின் தம்பி பங்களாவில் கோக்கியாகச் சமைத்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக் காம்பராவுக்கு வந்து, ஒரு கிட்டாரை என் முன்னே கிடத்தினான். சீமைக்குத் திரும்பிய துரை அவனிடம் விட்டுப்போனது; துரையின் தகப்பன் காலத்து மரம். கழுத்தின் அடிப்பக்கத்தில் கம்பிக்கும் விரல் அழுத்தும் கட்டைக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. அழுத்தி அழுத்தி அவன் விரல்நுனிகளில் ரத்தம் காய்ந்திருந்தது.

பத்து நாளில் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம். பெண் அழைப்புக்குத் தானே வாசிப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் சிரித்துக்கொண்டே, எதற்கும் ஹட்டனில் பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லிவைப்போம் என்றிருந்தார்கள். அந்தச் சிரிப்பு அவனைத் தூங்கவிடவில்லை.

“கழுத்து வளைஞ்சிருச்சு மச்சான். ஸ்டோர்ல மரத்த இறுக்குற வைசுல மாட்டி ஒரு முறுக்கு முறுக்குங்க.”

“ஒங் கழுத்த வேணா மாட்டுறேன். செத்த சும்மா இரு.”

வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். கழுத்து நேராகத்தான் ஓடியது. கம்பிகள் வந்து முடியும் மரப்பாலத்துக்குப் பின்னால் இரும்பு ரூலரைக் குறுக்கே வைத்தேன். அது இருபக்கமும் ஆடியது. கிட்டாரின் வயிறு புடைத்திருந்தது. கம்பிகளைத் தளர்த்தி விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். எங்கும் ஆழ்ந்த குரல், ஓரிடத்தில் மட்டும் ஆடுகிற பல்லோடு பேசுகிற பேச்சு. துளைக்குள் கையை விட்டேன். மேற்பலகையைத் தாங்கும் சட்டம் ஒரு முனையில் பிடி விட்டிருந்தது. அதுதான். தாங்குவது நழுவினால், கம்பியின் இழுப்புக்குப் பலகை எழும்பும். பலகையோடு கம்பியும் எழும்பும்.

“எங்கடா வச்சிருந்த இத?”

மனைவி முந்திக்கொண்டாள். “அடுப்புக்கு மேல, வெறகு காயுற பரண்லதாங்க. இல்லாட்டி பூஞ்சணம் புடிச்சிருமாம்.”

“நீயுந்தான கம்பளிய அங்க வைக்கிற?” என்றான் அவன்.

உண்மைதான். மழைக்காலத்தில் விறகு, கம்பளி, கொழுந்துக் கூடை எல்லாவற்றையும் நாங்கள் அங்கேதான் ஏற்றுவோம். கூடைக்குச் சூடு நல்லது. கிட்டாரை ஒட்டியிருந்ததோ வச்சிரம். தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை, சூடு பட்டால் இளகும்.

அதே வச்சிரத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, மெல்லிய தகட்டால் இடுக்கில் செலுத்தினேன். பெட்டிப் பலகைச் சில்லொன்றை அளவாக நறுக்கி, உள்ளே சட்டத்துக்கு முட்டுக் கொடுத்தேன். மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்றினேன். மூன்று நாள். அவன் தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

“புள்ளத்தாச்சிய பாக்குற மாதிரி பாக்குறான்,” என்றாள் என் மனைவி, அவன் அக்காக்காரி.

கம்பி கட்டியபோது பாதி உயரம் இறங்கியிருந்தது. மீதி, பாலத்தின்மேல் கம்பியைத் தாங்கும் எலும்புத் துண்டில் இருந்தது. அதன் தலையில் அரம் வைக்கச் சொன்னான். நான் அடியைத்தான் தேய்த்தேன். தலையின் வளைவு வேறொரு கைகாரன் செய்தது, அதைத் தொடக்கூடாது. கொஞ்சம் தேய்ப்பது, மாட்டுவது, பார்ப்பது. தேய்ந்த எலும்பு திரும்ப வளராது. நான்காம் முறை மாட்டியதும் அவன் ஆறு கம்பிகளையும் ஒரே விரலால் படுக்கப் பிடித்து மீட்டினான். ஆறும் பேசின.

“மச்சான், பேண்டு வேணாம்னு நானே போய் சொல்லிட்டு வாரேன்.”

குடைகூட எடுக்காமல் இறங்கிப் போனான்.

பெண் அழைப்பு அன்று லயத்திலிருந்து கோயில்வரை நடந்தபடியே வாசித்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா தாளம் போட்டார். எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை. உள்ளே நான் ஒட்டிய அந்த ஒரு சட்டமுனையைத்தான் கேட்டுக்கொண்டு நடந்தேன். அது விடவில்லை. விடாது என்று எனக்குத் தெரியும்.