திரும்பிப் பார்த்த ஆலா

வெள்ளியில் பறவை செய்கிறவள் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். குளிருக்கு ஏரியில் வந்து இறங்கி, வெயில் ஏறியதும் மூட்டை கட்டிவிடும் பறவைகளை மட்டுந்தான் செய்வாள். காக்காயும் புறாவும் என்ன பாவம் பண்ணின என்று கணவன் சீண்டுவான். வருஷம் முழுக்க வீட்டோடு கிடப்பதற்கு நீங்கள் ஒருத்தர் போதாதா என்பாள்.

இந்தப் பிழைப்பே நாத்தனார் போட்ட பிச்சை என்று வாய்விட்டுச் சொல்லுவாள். கல்யாணமான புதிதில் ரம்பமும் சுத்தியலும் இருந்தன, வெள்ளிதான் இல்லை. அவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நாத்தனார், காலில் கிடந்த கொலுசைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். ரொம்பச் சத்தம் போடுகிறது, உருக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். அப்புறம் ஒரு நாளும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அந்தக் கொலுசில் ஒரு துண்டை மட்டும் அவள் உருக்காமல் பத்திரப்படுத்தியிருந்தாள்.

இப்போது நாத்தனாருக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்து, ஊரை விட்டுக் கிளம்புகிறாள். கடல் தாண்டி வருகிற ஆலாப் பறவையைத்தான் செய்வது என்று முடிவு கட்டி, பிளந்த வாலோடு ஒரு ஜோடித் தொங்கட்டானுக்கு அந்தத் துண்டைத் தகடாக அடித்தாள். ஜோடி என்றால், ஒரு காதுக்கு வெட்டிய பிறகு மறு காதுக்குப் பறவை வரைந்த தாளைப் புரட்டித் தகட்டில் ஒட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டு பறவையும் முகம் இருக்கிற பக்கம் பறக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வாள். அன்றைக்கு அழுதுகொண்டே ஒட்டினாள், புரட்ட மறந்துபோனாள்.

மெருகு போட்டுத் தன் காதில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் பகீரென்றது. இடது காதுப் பறவை முன்னால் பறந்தது, வலது காதுப் பறவை பிடரியைப் பார்த்துப் பறந்தது. காது மாற்றி மாட்டினாலும் அதே கதைதான். திருப்பி மாட்டலாமென்றால், முன்பக்கம் புடைக்கத் தட்டியதில் பின்பக்கம் வெறும் குழி. புதிதாகச் செய்ய அந்தக் கொலுசு வெள்ளி பொட்டுக்கூட மிச்சமில்லை. அதற்குள் நாத்தனாரை ஏற்றிப்போக வாசலில் வண்டியும் வந்துவிட்டது.

இத்தனை வருஷத்து நன்றியைக் கோணலாகவா கொடுப்பது என்று அவள் குறுகிப்போனாள். உருக்கி மறுபடி செய்து அனுப்புகிறேன் என்று கெஞ்சினாள். நாத்தனார் கையை நீட்டினாள்.

“என் கொலுசை எங்கிட்ட குடுங்க அண்ணி. அடையாளம் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

மாட்டிக்கொண்டு, அண்ணனிடம் சொல்லிக்கொண்டு, வண்டியில் வலப்புறம், வீட்டுப் பக்க ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தாள். எங்கே கிளம்பினாலும் திரும்பிப் பார்க்காத பிடிவாதக்காரி அவள். பார்த்தால் அழுதுவிடுவாளாம். அன்றும் கழுத்தை விறைத்துக்கொண்டு நேரே பார்த்தபடிதான் போனாள்.

வண்டி நகர்ந்தது. வலது காதில் தொங்கிய ஆலா மட்டும், தெரு முனை திரும்புகிறவரைக்கும் வாசலில் நின்ற அண்ணியையே பார்த்துக்கொண்டு போயிற்று.