மாரிக்கனியின் முந்திரிப் பட்டன்

அருப்புக்கோட்டையில் பத்திரிகை அடிக்க மாரிக்கனி கடைக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தில் சூதானமாக இருந்துகொள்ள வேண்டும். அவளோடு விலை பேசலாம், சண்டை பிடிக்கலாம், டீ வாங்கித் தரச் சொல்லி உரிமையோடு கேட்கலாம். கம்ப்யூட்டர் திரையில் மேல் ஓரமாக வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும் பட்டன்களை மட்டும் தொட்டுவிடக் கூடாது. ஒருதரம் செல்வக்குமார் தெரியாத்தனமாக ஒரு பட்டனை இடம் மாற்றி வைத்துவிட்டான். கட்டின புருஷன் என்றுகூடப் பார்க்காமல் அன்றைக்கு முழுக்க அவனை வறுத்தெடுத்துவிட்டாள்.

செல்வக்குமாருக்குப் பின்கட்டில் அச்சு மிஷினோடு மல்லுக்கட்டுகிற வேலை. முன்னால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடிக்கிறது மாரிக்கனி. கல்யாணமாகி வந்த புதிதில், அவன் ஒரு எழுத்தைப் பெரிசாக்க வேண்டுமென்றால் ஒரு மெனுவைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுவதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, உப்பு எங்க இருக்கு, புளி எங்க இருக்குன்னு தினமும் தேடிக்கிட்டுருந்தா எப்பச் சோறாக்குறது?" என்றாள்.

"கம்ப்யூட்டருன்னா அப்பிடித்தான்."

"அப்பிடித்தான்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான். மவுசின் வலது பக்கத்தை அமுக்கியபோது 'கஸ்டமைஸ்' என்று ஒன்று எட்டிப் பார்த்தது. உள்ளே போனாள். வேண்டாத பட்டனைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால் போயே போய்விடுகிறது. வேண்டியதைத் தூக்கிக்கொண்டுவந்து மேலே விட்டால் ஒட்டிக்கொள்கிறது. அடேயப்பா, அன்றைக்கு அவளுக்கு வந்த குஷியைப் பார்க்கணுமே! இங்கிலீஷ் பிழை பார்க்கிற பட்டன், கட்டம் போடுகிற பட்டன், என்னத்துக்கு இருக்கிறதென்றே தெரியாத பட்டன் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தாள். போட்ட போடில் பிரிண்ட் பட்டனும் போய்விட்டது. மறுநாள் பிரிண்டர்தான் கெட்டுப்போச்சு என்று செல்வக்குமார் அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவள் சத்தம் காட்டாமல் பட்டனைத் திரும்ப ஒட்டவைத்துவிட்டு, "இப்பப் பாருங்க, வேலை செய்யும்" என்றாள். நான்தான் ரிப்பேர் பார்த்தேன் என்று இன்றைக்கும் அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் தனக்கென்று பட்டன்கள் உண்டாக்கினாள். ஒன்றை அமுக்கினால் ஒரு விசேஷத்துப் பத்திரிகை, பூ, கரை, சாமி படம் எல்லாத்தோடும் முழுசாக வந்து நிற்க வேண்டும். கல்யாணத்துக்கு இதயம். கோயில் பொங்கலுக்கு மணி. வீடு பால் காய்ச்ச ஒரு கப்பு. காதுகுத்துக்குத்தான் தோதான படம் அமையவில்லை. படத்தை நாமே வரைந்துகொள்ளவும் வழி இருந்தது. சின்னச் சின்னக் கட்டமாக நிரப்பி ஒரு மத்தியானம் பூராவும் உட்கார்ந்து காது வரைந்தாள். வரைந்ததைக் காட்டினால் எல்லாரும் "முந்திரிப்பருப்பு நல்லாருக்கு" என்றார்கள். முந்திரிப் பட்டன் என்றே பேர் நிலைத்துப்போனது.

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவர், "இது அரதப் பழசு வேர்டு அக்கா, புதுசு போட்டுருவோம்" என்று வரும்போதெல்லாம் சொல்லுவார்.

"புதுசுல எம் பட்டன் வரிசை இப்பிடியே இருக்குமா?"

"வேற மாதிரி இருக்கும்."

"அப்ப நீங்க போயிட்டு வாங்க."

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. அவள் பட்டனை அமுக்கினால் வெறும் படிவம் வராது. கடைசியாக எந்த வீட்டு விசேஷம் நல்லபடியாக நடந்ததோ, அந்த வீட்டுக்கு அடித்த பத்திரிகையைத்தான் பட்டனில் வைத்திருப்பாள். அதில் பேரை மாற்றி, தேதியை மாற்றி, அடுத்த வீட்டுக்கு அடிப்பாள். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். நேற்றைய மோரை உறை ஊற்றி இன்றைக்குத் தயிர் எடுக்கிற மாதிரி, நல்லபடியாக நடந்த வீட்டுப் பத்திரிகையிலிருந்து அடுத்த பத்திரிகை பிறக்க வேண்டும் என்பது அவளுடைய நினைப்பு. வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். "நல்லா நடந்த வீடாப் பாத்து எடு தாயி" என்று பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தாத்தா பேரிலிருந்து தாய்மாமன் பேர் வரைக்கும் வரிசையாகச் சொல்லச் சொல்ல, இவள் பழைய பேரை அழித்துப் புதுப் பேரை அடிப்பாள். ஒரு பிழை வராது. வந்தவர்களே பேரை விட்டுவிட்டால்கூட, "சின்ன மாமா ஒருத்தரு இருந்தாரே, அவுகளுக்குக் கோவம் வராதா?" என்று எடுத்துக் கொடுப்பாள்.

அப்படியாப்பட்டவள், தன் சொந்த மகள் சுகப்பிரியாவுக்குப் பங்குனியில் காதுகுத்து வைத்தாள்.

மாரிக்கனிக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருக்கிறது தம்பி அய்யப்பன் ஒருத்தன்தான். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டுமேல் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை. கோபக்காரன், பாசக்காரன், இரண்டும் ஒன்றாகவே வரும். அக்கா மகள் பிறந்த அன்றைக்கே, "எம் மடியிலதான் மொட்டை, எம் மடியிலதான் காதுகுத்து" என்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னவன். அவனே ஒரு கிடாக்குட்டி வாங்கிக் கட்டி, லாரி கழுவுகிற தண்ணீரில் குளிப்பாட்டி வளர்த்துக்கொண்டிருந்தான்.

பத்திரிகை அடிக்கிற அன்று முகூர்த்தக் கூட்டம் நெரித்தது. எல்லாரையும் அனுப்பிவிட்டு, தன் மகளுக்கு என்று முந்திரிப் பட்டனை அமுக்கினாள். நரிக்குடிக்காரர் வீட்டுப் பத்திரிகை வந்தது. அவர்கள் விசேஷத்தன்று வெளுத்து வாங்கி மழை பெய்து கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததாம். இதைவிட நல்ல உறை எங்கே கிடைக்கும்? சந்தோஷமாக மகள் பேரை அடித்தாள். தங்கள் பேரை, தேதியை, கோயிலை மாற்றினாள். அதற்குள் போன் வந்தது. பேசிவிட்டு வந்து பார்த்தாள், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் இருந்தது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பேர் சொல்ல ஆள் இல்லை பாருங்கள். பிரிண்டை அமுக்கிவிட்டாள்.

பத்திரிகைக் கட்டு பந்தல்குடிக்குப் போனது. அய்யப்பன் பிரித்துக்கூடப் படிக்கவில்லை. அக்கா அடித்ததில் படிக்க என்ன இருக்கிறது? அப்படியே கொண்டுபோய் ரோட்டோரத்துக் கடை பூராவும், நிற்கிற லாரி டிரைவர் வரைக்கும் கொடுத்தான். டீக்கடைக்காரர்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"தாய்மாமன், நரிக்குடி பால்சாமி. ஏப்பா அய்யப்பா, அப்ப நீ யாருப்பா?"

கடையே சிரித்தது. அய்யப்பன் சிரிக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டான்.

"பால்சாமின்னு எனக்குத் தெரியாம உனக்கு யாருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

மாரிக்கனி பத்திரிகையை எடுத்துப் பார்த்தாள். ஆத்தி! தாய்மாமன் என்ற இடத்தில் நரிக்குடி வீட்டுப் பேரே அப்படியே நின்றது. அதற்குள் பத்திரிகை போக வேண்டிய ஊருக்கெல்லாம் போயிருந்தது. செல்வக்குமாரின் சொந்தக்காரர்கள் இருக்கிற நரிக்குடி உட்பட.

"கம்ப்யூட்டர் மிஸ்டேக்குன்னு சொல்லிருவோம்" என்றான் செல்வக்குமார்.

"கம்ப்யூட்டரு என்ன செஞ்சுச்சு? நான் அமுக்குனதை அது குடுத்துச்சு" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை அவன் கையில் திணித்து, பஸ் ஏறிப் பந்தல்குடிக்குப் போனாள்.

அய்யப்பன் ஒரு லாரி டயரைப் படுக்கப் போட்டுக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்தும் நிமிரவில்லை.

"தம்பி, பழைய பத்திரிகைய மாத்தி அடிக்கையில உம் பேரை மாத்த விட்டுட்டேன்டா. எந் தப்புத்தான். வேற யாரு தப்பும் இல்ல. திருத்தி மறுபடி அடிச்சிர்றேன்."

"வேணாம். மறுபடி அடிச்சா அக்காளுக்கும் தம்பிக்கும் சண்டை, சமாதானமாகிப் பேரு போட்டாகன்னு ஊருல பேசுவாக."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

கடப்பாரையைக் கீழே போட்டான். "ஊருல உள்ளவுக மாமன் பேரையெல்லாம் ஒரு எழுத்து விடாமப் பாத்துப் பாத்து அடிச்சியேக்கா. எம் பேரு இருக்கா இல்லையான்னு ஒருதரம் பாக்கத் தோணலையா உனக்கு?"

அந்த இடத்திலேயே பழைய டயர்மேல் உட்கார்ந்து அழுதாள். அவன் டீ வாங்கிக் கொடுத்தான், பஸ் ஏற்றிவிட்டான். ஆனால் வாரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் முழுக்க அவள் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். கடைக்கு வந்ததும் முந்திரிப் பட்டனைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள். மறைந்துபோனது.

காதுகுத்து நாளும் வந்தது. திருச்சுழிக்கு அங்கிட்டு, கருவேலங்காட்டுக்குள் இருக்கிற குலசாமி கோயில். பிள்ளைக்குத் தாய்மாமன் சட்டை இல்லை, கிடா இல்லை, அய்யப்பனும் இல்லை. போனை எடுக்கவில்லை. காது குத்த வந்த ஆசாரி, நல்ல நேரம் போகுது என்று வாட்சைப் பார்த்துப் பார்த்து முனகினார்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாரிக்கனி ஓடினாள். இறங்கியது வேறு ஆள். வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக நடுத்தர வயசுக்காரர், கையில் சீர்த்தட்டு. பின்னாலேயே ஒரு அம்மாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

"நாந்தாம்மா நரிக்குடி பால்சாமி" என்றார் அவர், கூச்சத்தோடு. "பத்திரிகைல பேரைப் போட்டுட்டீக. யாருன்னே தெரியலைன்னாலும் மாமன்னு பேரு வந்தப்புறம் வராம இருக்க முடியுமா? தெருவுல போகையில வரையில எல்லாரும் கேக்குறாக."

"நானும் கேக்கணும்" என்றாள் அந்த அம்மாள். பால்சாமியின் சம்சாரம், சுந்தராம்பாள். "எனக்குத் தெரியாம இவருக்கு அருப்புக்கோட்டையில ஏது தங்கச்சின்னு நேர்லயே பாத்துட்டுப் போவம்னுதான் கூட வந்தேன்."

செல்வக்குமார் நடந்ததைச் சொன்னான். அந்த அம்மாள் நம்பின மாதிரித் தெரியவில்லை. அதற்குள் பெரிய ஆட்கள் கூடிவிட்டார்கள். அய்யப்பன் இனிமேலா வரப்போகிறான், பத்திரிகையில் பேர் வந்தவரே சீரோடு வந்திருக்கிறார், சாமியாகப் பார்த்து அனுப்பியது, அவர் மடியில் வைத்துக் குத்துங்கள் என்றார்கள். ஒருவர் மணையையும் எடுத்துப் போட்டுவிட்டார்.

மாரிக்கனி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"யாரும் தப்பா நினைக்காதீக. அண்ணே, நீங்களும் மன்னிச்சிருங்க. எந் தம்பி வராம எம் புள்ளைக்குக் காது குத்த மாட்டேன். நேரம் போனாப் போகட்டும். இன்னைக்கு வராட்டி அடுத்த வருசம். அடுத்த வருசமும் வராட்டி அவ காது குத்தாமலே வளரட்டும். எனக்கு அவன் ஒருத்தன்தான்!"

"அதுக்கு ஏங்க்கா ஊரைக் கூட்டுற?"

குரல் முதுகுக்குப் பின்னால். திரும்பினாள். அய்யப்பன் நின்றான். சட்டையெல்லாம் வேர்வை, தோளில் கிடாக்குட்டி. லோடு ஆட்டோ வருகிற வழியில் பஞ்சராம். ஊருக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுகிறவன், தன் வண்டிக்கு ஸ்டெப்னி எடுத்துவர மறந்துவிட்டான். காட்டுக்குள் போனுக்குச் சிக்னலும் இல்லாமல், கிடாயைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறான்.

"ஒண்ணொண்ணு மறந்து போகத்தான்க்கா செய்யுது" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிறகுதான் மணையையும், பக்கத்தில் தட்டோடு தவித்துக்கொண்டு நின்றவரையும் பார்த்தான். யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பால்சாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் கிளம்புறேன் தம்பி, உங்க இடம்" என்றார்.

அய்யப்பன் கிடாயை இறக்கினான். அக்காவிடமிருந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்து மணையில் உட்கார்ந்தான். ஆசாரி வலது காதைக் குத்தினார். சுகப்பிரியா வீறிட்டுக் கத்தினாள். அவன் கண்ணிலும் தண்ணீர். துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கண்ணே போறீக? இந்தப் பக்கத்துக் காது சும்மாதான இருக்கு. உக்காருங்க."

பால்சாமி நம்ப முடியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அய்யப்பன் பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தான். இடது காதையும் குத்தியாகிவிட்டது. பிள்ளை ஓங்கி அழுதது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் திணற, அதுவரைக்கும் உர்ரென்று நின்ற சுந்தராம்பாள் விறுவிறுவென்று வந்து குனிந்தாள். சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள்.

"அழுவாத தாயி, அத்தை இருக்கேன்ல" என்றாள்.

மாரிக்கனி தம்பியின் தோளில் சாய்ந்து, பிள்ளையைவிடச் சத்தமாக அழுதாள்.