நீளச் சொல்லுக்குள் அடங்காத பிள்ளை

வேலணைச் சத்தியபாமாவின் கதையைச் சொல்வதென்றால், முதலில் அவள் புருசன் அரியநாயகத்தைத் திட்டிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். தமிழ் வாத்தியார். எண்பத்து நாலில் ஜேர்மனிக்கு ஓடிப்போயும் சொல்லைப் பிரித்துப் பார்க்கிற வியாதி அவரை விடவில்லை. கடிதம் எழுதமாட்டார், பேசிப் பதிந்து கசற் அனுப்புவார். பக்கத்து வளவுக்காரியான நானும் போயிருந்து கேட்பேன்.

அவரை அகதியாக ஏற்றுக்கொண்ட வருசம் வந்த கசற்றில் ஒரு நீளச் சொல் இருந்தது. ‘பமீலியன்சுசாமன்பியூறுங்.’

“பயப்பிடாதையும் பாமா, மூண்டு துண்டுதான். பமீலியன், குடும்பம். சுசாமன், ஒண்டாய். பியூறுங், கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ‘போ’ எண்ட அவையின்ரை சொல்லிலையிருந்து ‘போகச் செய்’ எண்டு பிறந்தது, எங்கடை நட, நடத்து மாதிரி. உங்களை இஞ்சை கூப்பிடுற சட்டத்துக்கு இதுதான் பேர். முதல் துண்டு இலத்தீன். அந்தக் காலத்திலை வீட்டு வேலைக்காரனும் அதுக்குள்ளை அடக்கம், தெரியுமே!”

சத்தியபாமா வாய்விட்டுச் சிரித்தாள். குசினியில் சமைக்கும்போதும் அந்தச் சொல்லை முணுமுணுத்தாள். மகன் குகதாசனுக்கும் சின்னவளுக்கும் சப்பாத்து வாங்கினாள்.

அடுத்த கசற்றில் வாத்தியார் சொல் ஒன்றையும் பிரிக்கவில்லை.

“பதினாறு தாண்டின பிள்ளை அதுக்குள்ளை வராதாம். உம்மையும் சின்னவளையும்தான் கூப்பிட ஏலும்.”

குகதாசனுக்குப் பதினேழு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்காரன் அடக்கமாம், பெற்ற பிள்ளை அடக்கமில்லையாம்! இதென்ன கோதாரிக் குடும்பம்?

“இவனை விட்டிட்டு நான் ஒரு இடமும் போகமாட்டன்” என்றாள் சத்தியபாமா. குகதாசன் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

தொண்ணூறு ஆனியில் மறுபடியும் சண்டை தொடங்கியது. ஒருநாள் விடிய அவனைக் காணவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டானென்று அவனுடைய சிநேகிதன்தான் வந்து சொன்னான். “தான் இல்லாட்டி அம்மா அப்பாவிட்டைப் போவா எண்டவன், மாமி.”

ஆவணியில் ஆமி வர, ஊரே யாழ்ப்பாணத்துக்கு ஓடிப்போய்ப் பள்ளிக்கூட மண்டபங்களில் கிடந்தது. கொழும்புக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தோடு சின்னவளைத் தகப்பனிடம் அனுப்பிவைத்தாள் சத்தியபாமா. தானும் போயிருக்கலாம், போகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“போவன் பாமா! அவன் அதுக்குத்தானே போனவன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் போனால், அவன் செய்தது சரியெண்டு வந்திடுமே, அக்கா.”