ஓரிரு இடங்களில் மழை

வெறுங்காலில் சில்லென்று ஏறிய தரைக் குளிர்ச்சிதான், ராக்கெட் அருங்காட்சியகம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக இருந்த அந்தக் கட்டடம் முன்பு மாதா கோயிலாக இருந்தது என்று வாசலில் யாரோ சொல்லிவிட, எங்களோடு வந்திருந்த அம்மா, எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். அவளைப் பார்த்து எங்கள் ஊர் பரளச்சியிலிருந்து போன எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் கழற்றினோம், கடைசியில் வேறு வழியில்லாமல் வாத்தியாரும் கழற்றினார்.

பெண்பிள்ளைகளுக்குத் துணையாகத் தாய்மார் யாராவது வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது முதலில் தலையாட்டியவள் அம்மாதான். அது புரட்டாசி மாதம், எங்கள் வீட்டில் "புழுதி விதைப்பு" முடிந்திருந்தது. மழைக்கு முன்பே காய்ந்த கரிசல் காட்டில் பருத்தியையும் சோளத்தையும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரைகுறைத் தூறல் விழுந்தால் விதை முளைத்துக் கருகிவிடும், அதுவும் விழாவிட்டால் எறும்பு இழுத்துப்போய்விடும், இரண்டாம் முறை விதைக்க வீட்டில் விதை கிடையாது. அப்படிப்பட்ட நேரத்தில் காட்டை விட்டுவிட்டு அம்மா ஊர் சுற்றக் கிளம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. சாயங்காலச் செய்தியில் தினமும் "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று வாசிப்பார்கள். அந்தச் சேதியைத் தருகிற செயற்கைக்கோளை அங்கே வைத்திருக்கிறார்களாம் என்று நான் உளறிவைக்க, அந்த ஓரிரு இடம் எது என்று நேரிலேயே கேட்டுவிடுவது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். "மழப்பேறும் பிள்ளப்பேறும் மகாதேவனுக்கே தெரியாது, தகர டப்பாவுக்கா தெரியப்போகுது" என்று அப்பா கேலி செய்தார். அம்மா பாட்டுக்குப் புளிச்சோறு கட்டினாள்.

உள்ளே, முதன்முதலில் ஏவிய ஒல்லி ராக்கெட்டையும், விண்ணுக்குப் போய்க் கடலில் விழுந்து மீண்டு வந்த கலத்தையும் விட்டு எங்களுக்கு நகர மனமில்லை. கலத்தின் கருகிய மேலோட்டைத் தொடக்கூடாது என்று எழுதியிருந்ததால் எல்லோரும் ஒருமுறை தொட்டோம். அம்மா எதிலும் நிற்காமல், தங்கநிறத் தாள் சுற்றிய செயற்கைக்கோளைத் தேடிப் போய், பக்கத்தில் நின்று விளக்கம் சொன்ன இளம்பெண்ணிடம் தன் கேள்வியைக் கேட்டுவிட்டாள். அந்தப் பெண் மலையாளம் கலந்த தமிழில், இது வெறும் மாதிரிதான், அசல் மேலே சுற்றுகிறது, அது மேகத்தைப் படம் எடுக்கும், மழையை வரவழைக்காது என்று பொறுமையாகச் சொன்னாள்.

"பாத்துக்கிட்டு மட்டுந்தான் இருக்குமா தாயி? அப்ப எங்கள மாதிரித்தான்" என்றாள் அம்மா.

அந்தப் பெண் சிரித்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துச் சுவரில் இருந்த பெரிய மேகப் படத்துக்கு அழைத்துப் போய், எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் விரலை வைக்கச் செய்தாள். மலைக்கு அந்தப் பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்க, இந்தப் பக்கம் நம் சீமை மட்டும் மொட்டையாகக் கிடந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, தூசிதான் மறைக்கிறதோ என்னவோ என்று முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஊர் திரும்பி ஒரு வாரத்தில் மழை இறங்கியது. முழங்கை ஆழத்துக்கு ஈரம். விதை பழுதில்லாமல் முளைத்தது. "நம்ம ஊரு எங்கிட்டு இருக்குன்னு அவுகளுக்குத் தெரியல, நான் போயி வெரல வச்சுக் காமிச்சிட்டு வந்தேன்" என்று களையெடுக்க வந்த பெண்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்பா இப்போது இல்லை. அந்தக் காட்டில் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருப்புத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. குத்தகைக்கு விட்டது நாங்கள்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. மேகப் படம் அம்மாவின் செல்போனுக்கே வருகிறது. போன புரட்டாசியில், விடிகிற நேரம், ஓட்டின் மேல் மழைச் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக வாசலுக்குப் போனாள். அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, "பேயட்டும்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். மழை பெய்தால் எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் வேலை இல்லை.